மூன்றில் ஒரு செடி

சிரிக்கச் சொன்னபோது பாரதி உண்மையாகவே சிரித்தாள். பின்னால் அவளால் பொறுக்கவே முடியாமல் போனது அதைத்தான். போட்டோவுக்காகச் சும்மா பல்லைக் காட்டியிருந்தால்கூடத் தேவலாம். அரசாங்க மானியத்தில் போட்ட சொட்டு நீர்க் குழாய் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துப் படம் பிடிக்க வந்திருந்த தோட்டக்கலை அலுவலர் தில்ஷாத் மேடம், போனை நிமிர்த்திப் பிடித்து, "பாரதிம்மா, அந்த ட்யூபக் கையில தூக்கிப் பிடிங்க, சொட்டு விழுறது தெரியணும்" என்றாள். பாரதி கத்திரிச் செடிகளுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கறுப்பு ட்யூபை உயர்த்தினாள். ஒரு சொட்டு முட்டிக்கொண்டு வந்து, கொஞ்சம் தயங்கி, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. தோட்டம் முழுக்க ஒவ்வொரு செடியின் காலடியிலும் அதே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீரை மண்வெட்டியோடு துரத்தித் துரத்திப் பாத்திக்குப் பாத்தி திருப்பிவிட்டே பழகியவள் அவள். தண்ணீர் தானாகச் செடியைத் தேடி வந்து நிற்பதைப் பார்க்க வேடிக்கையாகவும் கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. சிரித்துவிட்டாள்.

அந்த யோசனையே அவளுடையதுதான். பாரதிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் டேபிளில் வேலை. தோல் துண்டின் ஓரத்தில் சொல்யூஷன் தடவி, மடித்து ஒட்டி, அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பசை நாற்றத்தை உள்ளே இழுத்து இழுத்து, இப்போது நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிறது. வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லி டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். வேறு வேலை என்று அவளுக்கு இருந்தது, புருஷன் நவநீதனின் பங்குக்கு வந்த ஒரு ஏக்கர். அதில் முள்ளுக் கத்திரி வைத்துவிட்டால் போதும். ஆம்பூரில் பிரியாணி தின்கிறவர்கள் இருக்கும்வரை தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காயும் வேண்டியிருக்கும். செடி காய்ப்புக்கு வந்த அன்றைக்கே கம்பெனி பஸ்ஸில் ஏறுவதை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். பக்கத்து டேபிள் வஹீதாவுக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஆனால் தண்ணீர் வேண்டுமே. பாலாற்றை ஒட்டிய கிணறுகள் எல்லாம் தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுத் தண்ணீர் இறங்கி வாயில் வைக்க முடியாதபடி கரித்துப்போன ஊர் அது. மலைப்பக்கம் இருந்ததால் இவர்கள் கிணறு மட்டும் தப்பித்திருந்தது. கிணறு ஒன்று, பங்கு இரண்டு. மூத்தவன் சம்பத்துக்கு மூன்று ஏக்கரும் வாரத்தில் ஆறு நாள் தண்ணீரும். இளையவன் நவநீதனுக்கு ஒரு ஏக்கரும் ஞாயிற்றுக்கிழமையும். மாமனார் உயிரோடு இருக்கும்போதே பங்கு பிரித்து வைத்துவிட்டுப் போன முறை இது. கம்பெனிக்கு லீவு என்பதால் ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு வாங்கியதே பாரதிதான். கிணற்று மேட்டிலிருந்து வரும் வாய்க்கால் ஒரு கருங்கல்லுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரியும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சம்பத் பக்கத்து மடையில் சாக்கை வைத்து மண்ணைப் போட்டு மிதித்துவிட்டால், அன்று பொழுது சாயும்வரை தண்ணீர் அவளுடையது. இன்றைக்கு யார் முறை என்று ரோட்டில் சைக்கிளில் போகிறவன்கூட வாய்க்காலைப் பார்த்துச் சொல்லிவிடுவான். யாராவது திருடினாலும் அப்படித்தான் தெரிந்துவிடும்.

ஒரு நாள் முறைத் தண்ணீரை வாரம் முழுக்க நிற்க வைக்கச் சொட்டு நீர்தான் வழி என்று டிவியில் பார்த்துவிட்டு, கம்பெனிக்கு லீவு சொல்லித் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனாள். தில்ஷாத் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மேல்விஷாரத்துப் பெண். புருஷனைக் கூட்டிக்கொண்டு வராமல் தானே வந்து கேட்ட முதல் பொம்பளை நீங்கள்தான் என்று சந்தோஷப்பட்டு, நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். சிறு விவசாயிக்கு முழு மானியம் உண்டு, ஆனால் பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருக்கிறது, மூத்தவரும் சம்மதித்தால்தான் நடக்கும் என்றாள். பாரதி வந்து சொன்னதும் சம்பத் அவளை ஏற இறங்கப் பார்த்தான். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவன் வாயால் அவள் கேட்ட முதல் பாராட்டு அன்றைக்குத்தான் வந்தது.

"பரவால்லியே, நம்ம வூட்லயும் ஒரு ஆபீசர் கீது. உன் ஒரு ஏக்கருக்குன்னு தனியா நீ இன்னாத்துக்கும்மா அலையற? நாலு ஏக்கருக்கும் ஒண்ணா போட்டுடலாம். நான் பாத்துக்கறேன்."

நவநீதன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். டேனரியில் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி மலை மாதிரி ஆன உடம்பு அவனுக்கு. ஆனால் அண்ணன் எதிரில் நிற்கும்போது அந்த உடம்பு எங்கே போகிறதென்றே தெரியாது. அப்பாவிடம் வாங்க வேண்டிய அடியையும் சின்ன வயதில் அண்ணனிடமே வாங்கி வளர்ந்தவன். நாலு ஏக்கருக்குமான பைப் லாரியில் வந்து இறங்கியது. மோட்டார் ரூமில் சின்ன டிரம் மாதிரி ஃபில்டர் வந்தது, திருகுகிற வால்வுகள் வந்தன, ரூமுக்குப் புதுப் பூட்டும் வந்தது. சாவியை சம்பத்தின் மனைவி ஹேமலதா தாலிச் சரட்டோடு சேர்த்துக் கோத்துக்கொண்டாள்.

போட்டோ எடுத்த மறுநாள் பாரதி விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறினாள். டேபிளில் உட்கார்ந்ததும் வஹீதாவிடம் பேச்சு அதேதான். சொட்டு எப்படி விழுகிறது என்று சொல்யூஷன் பிரஷ்ஷைக் கொண்டே செய்து காட்டினாள். பொங்கலுக்கு அப்புறம் இந்த மூஞ்சியை இங்கே பார்க்க முடியாதுடி என்றாள். சாயங்காலம் இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, டிபன் பையோடு நேராகத் தோட்டத்துக்குப் போனாள். பைப் இல்லை. வரிசைக்கு வரிசை மண்ணில் அது கிடந்த தடமும், செடிக்குச் செடி வட்டமாக ஈரமும் மட்டும் இருந்தன. முதலில் திருட்டுப் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். ஐயோ என்று கத்திக்கொண்டே சம்பத் வீட்டுக்கு ஓடினாள்.

சம்பத் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். "இன்னாத்துக்குக் கத்தற? மேட்டுல போட்ருக்கேன்" என்றான். மேடு என்பது ஹேமலதா பெயரில் வாங்கிப் போட்டிருந்த காட்டு நிலம். கிணறு கிடையாது, வாய்க்கால் ஏறாது, வெறும் முள் மட்டும் முளைக்கும். வாய்க்கால் ஏறாத இடத்தில் பைப் ஏறும் என்பது சம்பத்துக்கு லாரி வந்த அன்றைக்கே தெரிந்திருந்தது. "வாழக்கன்னு எறக்கிட்டேம்மா. தண்ணி இல்லனா காஞ்சிடும். உனக்கு இன்னா, ஞாயித்துக்கெழம முறை கீதுல்ல, எப்பவும் போல பாய்ச்சிக்கோ."

"அது எங்க ஏக்கருக்கு வந்த பைப்பு மாமா."

ஹேமலதா உள்ளேயிருந்து வந்தாள். "எங்களுது உங்களுதுன்னு எப்பலேந்துடி பிரிச்சிப் பேச ஆரம்பிச்ச? கவர்மெண்டு குடுத்தது. உங்கப்பன் வூட்லேந்து கொண்டாந்தியா?"

"நான் தில்ஷாத் மேடம் கிட்ட சொல்லிட்றேன்க்கா."

சம்பத் கோபப்படவில்லை. காபியை முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். "தாராளமா சொல்லு. கவர்மெண்டு பொருள எடம் மாத்துனா கேசுன்னு பைப்பு கம்பெனிக்காரன் அன்னிக்கே சொல்லிட்டான். உங்க நெலத்துக்குக் கையெழுத்து போட்டது யாரு? உன் புருஷன். போட்டோவுல பைப்பத் தூக்கிப் புடிச்சிகினு சிரிக்கறது யாரு? நீ. அதுல நான் எங்கம்மா கீறேன்?"

பின்னாலேயே வந்து நின்றிருந்த நவநீதனை அவள் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது ஒரு வார்த்தை. அண்ணா இது சரியில்லை என்று மெதுவாகச் சொன்னால்கூடப் போதும், ராத்திரி அவன் தட்டில் ஒரு கரண்டி சோறு ஜாஸ்தியாகவே வைத்திருப்பாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, "உடு பாரதி" என்றான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாரதி மண்வெட்டியோடு மடைக்குப் போனாள். மடையில் அடைக்க எதுவுமில்லை. சம்பத்தின் தண்ணீர் இப்போது வாய்க்காலில் வருவதில்லை, பூமிக்குள் புதைத்த பைப்பில் போகிறது. மோட்டார் ரூமைத் திறக்கச் சொல்லி ஹேமலதா வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. சொட்டு நீருக்குத் தினமும் கொஞ்சம் விட்டாக வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமையென்று வாழைக்குச் சொன்னால் புரியுமா என்று ஹேமலதா கேட்டாள். அந்தக் கொஞ்சம் முடிந்து வால்வு இவள் பக்கம் திரும்பியபோது வெயில் ஏறிவிட்டது. முதலில் வந்த தண்ணீரை ஒரு வாரமாகக் காய்ந்து கிடந்த வாய்க்காலே குடித்துவிட்டது. பாத்திக்குள் நுழைகிற நேரத்தில் மோட்டார் காற்று வாங்கிக் கத்த ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தாள். கிணற்றின் அடியில் பாறை தெரிந்தது. ஆறு நாளும் மேட்டுக்கு ஏறிய தண்ணீரில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எதுவும் மிச்சமில்லை. சொட்டு நீரால் பாதித் தண்ணீர் மிச்சமாகும் என்று அரசாங்கம் சொன்னதில் பொய்யே இல்லை. மிச்சமானது எங்கே போகிறது என்று மட்டும் அது கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவள் குடம் எடுத்தாள். கம்பெனியிலிருந்து வந்து தெருக் குழாயில் பிடித்து இடுப்பில் சுமந்து போய்ச் செம்பு செம்பாகச் செடிக்கு ஊற்றினாள். தெருக்காரர்கள் முதலில் பாவம் என்றார்கள், பிறகு குடிக்கிற தண்ணீரைக் கத்திரிக்கு ஊற்றுகிறாளே என்று முறைத்தார்கள். ஒரு ஏக்கரைச் செம்பில் நனைக்க முடியுமா? நெஞ்சு விசிலடிக்க விசிலடிக்க வரப்பில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். எதிரே மேட்டில் வாழை புது இலை விட்டிருக்கும். அந்த இலையைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும். நன்றாக வளர்கிற பயிரைப் பார்த்து வயிறெரிகிற பொம்பளையாகத் தன்னை ஆக்கிவிட்டார்களே என்று அதற்கும் சேர்த்து அழுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டு நேரத்தில் வஹீதா போனை நீட்டினாள். "இங்க பாருடி, ஹீரோயின்!" பேப்பரில் வந்திருந்த போட்டோவில் பாரதி சிரித்துக்கொண்டிருந்தாள். கையில் ட்யூப், ட்யூபின் நுனியில் ஒரு சொட்டு. கீழே கொட்டை எழுத்தில் 'தண்ணீரைச் சேமித்தார், தலைநிமிர்ந்தார்: முன்மாதிரிப் பெண் விவசாயி'. மாவட்டம் முழுக்க குரூப்புக்குக் குரூப் போய்க்கொண்டிருந்ததாம். தோட்டக்கலை அலுவலகச் சுவரில் பேனராகவே தொங்குகிறது என்றும் யாரோ சொன்னார்கள். டேபிள் டேபிளாக வந்து எல்லோரும் கை கொடுத்தார்கள். சூப்பர்வைசர்கூட, "இவ்ளோ பெரிய விவசாயி, இங்க வந்து இன்னாத்துக்கு சொல்யூஷன் மோந்துகினு கீற?" என்று கேட்டுவிட்டுப் போனார். வஹீதா மட்டும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை மெதுவாக அணைத்தாள்.

"இன்னா ஆச்சு?"

"தண்ணி இல்லடி."

"அப்போ இது?"

"அன்னிக்கு இருந்திச்சி" என்றாள் பாரதி.

பொங்கல் கழிந்து தில்ஷாத் போன் செய்தாள். குடியாத்தம் பக்கத்து விவசாயிகளை ஒரு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வருகிறாளாம், பாரதியின் தோட்டத்தைக் காட்டத்தான். போனைப் பிடித்துக்கொண்டு பாரதி வாயைத் திறந்தாள். கையெழுத்துப் போட்ட நவநீதன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இவள் சுற்றி வளைத்து, "மேடம், இன்னொரு தபா அப்ளை பண்ணா குடுப்பாங்களா?" என்று கேட்டாள். தில்ஷாத் சிரித்தாள். "ஏழு வருஷத்துக்கு அதே நெலத்துக்கு மறுபடி கிடையாதும்மா. அதுக்குள்ள இன்னா அவசரம், இப்பதானே போட்டீங்க?"

பஸ் வருவதற்கு முந்தின நாள் பைப் மேட்டிலிருந்து இறங்கியது. சம்பத் ஆள் வைத்து வரிசை பிசகாமல் போட்டான், சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் விட்டான். காய்ந்த தோட்டத்தைக் காட்டி மானம் போகக் கூடாதே. அப்போதுதான் பாரதி அதைக் கவனித்தாள். வாழை எட்டி எட்டி நடுகிற பயிர். கத்திரிக்கு நெருக்கமாக வைத்திருந்த, சொட்டு விடுகிற ட்ரிப்பர்களில் மூன்றில் ஒன்று அதற்குப் போதும். மீதி இரண்டையும் சம்பத் சைக்கிள் ட்யூபை நாடா நாடாக நறுக்கி இறுக்கிக் கட்டி அடைத்திருந்தான். அதனால் இவள் தோட்டத்தில் ஒரு செடிக்குச் சொட்டியது, அடுத்த இரண்டுக்கு இல்லை. மறுபடி ஒன்றுக்கு, மறுபடி இரண்டுக்கு இல்லை. இருந்தாலும் சொட்டியது. கிடைத்த செடிகள் ஒரே ராத்திரியில் இலையை நிமிர்த்திக்கொண்டன. பஸ்ஸில் வந்தவர்கள் மோர் குடித்தார்கள், கேள்வி கேட்டார்கள், சம்பத் பதில் சொன்னான், பாரதியோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் போன மறுநாள் பைப் மேடேறிவிட்டது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பாரதி அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டாள். பஸ் வந்தால் பைப் வரும், பைப் வந்தால் தண்ணீர் வரும். தன்னை இப்படி ஊருக்கு முன்னால் பொம்மையாக நிறுத்தி வைக்கிறவர்கள் சீக்கிரம் வர வேண்டுமே என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். இவளே தில்ஷாத்துக்குப் போன் செய்து, "மேடம், அடுத்த பஸ்சு எப்ப வரும்?" என்று கேட்டாள். தில்ஷாத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. இவ்வளவு ஆர்வமான விவசாயியை நான் பார்த்ததே இல்லை என்று மீட்டிங்கில் சொன்னாளாம். பிப்ரவரியில் ஒரு பஸ் வந்தது. அதற்குள் தோட்டத்தில் கணக்கு கண்ணுக்கே தெரியத் தொடங்கிவிட்டது. மூன்றில் ஒரு செடி பச்சையாக, முள்ளும் பூவுமாக நின்றது. மற்ற இரண்டும் பழுத்துச் சுருண்டு நின்றன. பச்சைச் செடியில் பறித்த காய் ஒரு கூடைக்கும் காணவில்லை. பிரியாணிக் கடை மக்பூல் அகமது காயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேப்பர்ல வந்த தோட்டமாம்மா இது?" என்றார். கிண்டலாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையாகவே கேட்டார்.

கடைசிப் பஸ் மார்ச் மாதத்தில் வந்தது. வெயில் அதற்குள் கொளுத்த ஆரம்பித்திருந்தது. இந்த முறை பாதிக்கு மேல் பெண்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வரப்பில் வரிசையாக நின்றார்கள். சம்பத் வெள்ளைச் சட்டை போட்டு, தண்ணீரை எப்படிச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். நவநீதன் மோர்த் தட்டோடு ஆள் ஆளாகப் போய்க்கொண்டிருந்தான். பாரதி செடிகளுக்கு நடுவில் நின்றாள். அவள் முன்னால் ஒரு ட்ரிப்பர் சொட்டிக்கொண்டிருந்தது, அடுத்த இரண்டும் கழுத்தில் ரப்பரோடு கிடந்தன. அப்படியே உட்கார்ந்தாள். நகத்தைக் கொடுத்து முடிச்சை அவிழ்த்தாள். சொட்டு முட்டிக்கொண்டு வந்து விழுந்தது. அடுத்ததை அவிழ்த்தாள். சம்பத்தின் பேச்சு ஒரு நிமிஷம் தடுமாறியதை அவள் காது கேட்டது. அவள் நிமிரவில்லை. இத்தனை பேர் எதிரில் அவனால் என்ன சொல்ல முடியும்? குந்தியபடியே நகர்ந்து, செடிக்குச் செடி அவிழ்த்துக்கொண்டே போனாள். ரப்பர் துண்டுகளை மடியில் கட்டிக்கொண்டாள். ஒரு வரிசை முடிந்து அடுத்த வரிசைக்குத் திரும்பினாள்.

"இன்னா தாயி, வேலையா கீற?" என்றாள் வரப்பில் நின்ற ஒரு கிழவி.

"அடைப்பு எடுக்கறேன்."

"ஓ. எத்தினி நாளைக்கு ஒரு தபா தண்ணி வுடுவ?"

பாரதி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "நீங்க வர்றப்பல்லாம்" என்றாள்.

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நல்லா பேசுது பொண்ணு என்று கிழவி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சிரிக்காதவள் தில்ஷாத் மட்டும்தான். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கி வந்தாள். பாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் அவிழ்க்காத ஒரு ட்ரிப்பரைத் தொட்டு, ரப்பர் நாடாவை விரலால் நிமிண்டிப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். ஒரு பச்சை, இரண்டு மஞ்சள், ஒரு பச்சை, இரண்டு மஞ்சள். பிறகு மேட்டில் வரிசையாக நின்ற வாழையைப் பார்த்தாள்.

"யார் கட்டினது இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பாரதி நவநீதனைத் தேடினாள். மோர்த் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு இரக்கம் வரவில்லை, அருவருப்பு வந்தது. ஆனாலும் வாய் சொன்னது என்னவோ, "அடைப்பு மேடம்" என்றுதான்.

நான்கு ஏக்கருக்கும் பைப் ஓடுகிறது என்று படம் பிடித்து அனுப்பியவள் தில்ஷாத். சுவரில் பேனர் மாட்டியவள் அவள். மார்ச் மாதம், எல்லாக் கணக்கும் முடிக்கிற மாதம். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று பாரதிக்கும், பாரதிக்கு அது தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. ரப்பரிலிருந்து விரலை எடுத்து, சுடிதாரில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"உப்பு அடைச்சிருக்கும். ஆசிட் விட்டா சரியாயிடும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அடுத்த பஸ்சு எப்ப மேடம்?"

"இதான் கடைசிம்மா. அடுத்த வருஷம் வேற பக்கம் காட்டச் சொல்லிட்டாங்க." செருப்பை மாட்டும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து கிழவி மட்டும் கையை ஆட்டினாள்.

புழுதி அடங்குவதற்குள் ஹேமலதா மோட்டாரை நிறுத்திவிட்டாள். சம்பத் வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பாத்திக்கு வந்தான். பாரதி அடியை எதிர்பார்த்தாள். அவன் கையே ஓங்கவில்லை. குனிந்து அவள் மடியைப் பார்த்தான்.

"அவுத்தல்ல? அந்தக் கையாலயே கட்டிடு. இப்படியே எடுத்துனு போனா மேல தண்ணியெல்லாம் வீணாப் பூடும். டேய் நவநீதா, இழு."

"மாமா, இன்னிக்கு ஒரு நாளாச்சும் இங்கயே..."

"தண்ணிய வீணாக்கக் கூடாதும்மா" என்றான் சம்பத். வரப்பில் நின்று பேசிய அதே குரல்தான், அதே மரியாதைதான்.

நவநீதன் மேட்டுப் பக்கம் போய் முதல் வரிசையின் முனையைப் பிடித்தான். "கட்டிடு பாரதி" என்றான். ட்யூப் அசைந்தது. செடிகளின் காலடியில் உரசிக்கொண்டு நகர ஆரம்பித்தது. அவள் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து மடியை அவிழ்த்தாள். ஒரு ட்ரிப்பர் முன்னால் வந்தது, ரப்பரைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அடுத்தது வந்தது, போட்டாள். மூன்றாவதை விட்டாள். நவநீதன் நிற்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை, இழுத்து இழுத்துத் தோளில் சுருட்டிக்கொண்டே போனான். கட்டினாள், கட்டினாள், விட்டாள். பெல்ட்டுக்குப் பழகிய விரல்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை. ட்யூபுக்குள் மிச்சமிருந்த தண்ணீர் ஒவ்வொரு முடிச்சை இறுக்கும்போதும் கட்டைவிரலில் கசிந்தது. அவள் அதைப் பக்கத்தில் சுருண்டு நின்ற செடியின் தண்டில் துடைத்தாள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது.